டைம் கீப்பரின் ஐந்தாம் நாள்

கட்டின மனைவி கூடையும் கையுமாக ஓடி வருவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, விசில் ஊதி வண்டியை அனுப்பிவிட்ட மனிதர் ஒருவரை எனக்குத் தெரியும். அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவர். அன்றைக்கு அந்த அம்மா பரளச்சியில் ஒரு துக்க வீட்டுக்குப் போக வேண்டும். பூக்கடை வரைக்கும் வந்துவிட்டார். இன்னும் இருபது எட்டு வைத்திருந்தால் படியில் கால் வைத்திருப்பார். இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார், ஊதிவிட்டார்.

அந்த அம்மா மூச்சு வாங்க வந்து நின்று, "நீங்கல்லாம் நல்லா இருப்பீகளா?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருப்பேன். அடுத்த வண்டி ஏழு நாப்பதுக்கு. ஒருவேளை அது வரலைன்னா திருச்சுழி வண்டியில ஏறி அங்க எறங்கி மாறிக்க. பெஞ்சியில ஒக்காரு. டீ சொல்லிட்டேன்."

அவ்வளவுதான் அவர். யாருக்காகவும் வண்டியை நிறுத்த மாட்டார். ஆனால் வண்டியை விட்டவர்களுக்கு அடுத்த வழி, அதுவும் தவறினால் அதற்கடுத்த வழி என்று கைவசம் வைத்திருப்பார். டீயும் சொல்லியிருப்பார்.

நான் அப்போது திருச்சுழி தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளன். வீடு அருப்புக்கோட்டையில். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற பிழைப்பு. அதனால் ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது அவருடைய கூண்டைத் தாண்டியாக வேண்டும். பச்சை வர்ணம் உரிந்த மரக்கூண்டு. உள்ளே ஒரு ஸ்டூல், ஒரு மேசை, நேரப் பதிவேடு, தோலுறை போட்ட டிரான்சிஸ்டர். அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் அண்ணாச்சி. நான் அவருக்குத் தாசில் தம்பி. தாசில்தார் அலுவலகத்தில் பேப்பர் புரட்டுகிறவனுக்கு இது கொஞ்சம் பெரிய பட்டம்தான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஊரில் யார் எங்கே போவதானாலும் முதலில் அந்தக் கூண்டுக்குத்தான் வருவார்கள். வேளாங்கண்ணிக்கு நேர்த்திக்கடன், மதுரைக்குக் கோர்ட் வாய்தா, சிவகாசிக்குப் பெண் பார்க்க, எதுவானாலும் சரி. அவர் பதிவேட்டைக்கூடத் திறக்காமல் சொல்லுவார். எங்கே ஏற வேண்டும், எங்கே மாற வேண்டும், எந்த ஊரில் வண்டி பத்து நிமிடம் நிற்கும், அந்தப் பத்து நிமிடத்தில் எந்தக் கடையில் சாப்பிடக் கூடாது என்பது வரைக்கும். கடைசியில், "ஒருவேளைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்று தொடங்குவார். அதற்குப் பிறகு வருவதுதான் அவருடைய வித்தை. ஒருவேளை டயர் வெடித்தால், ஒருவேளை மாப்பிள்ளை வீட்டில் ராத்திரி தங்கச் சொன்னால், ஒருவேளை நீதிபதி லீவு போட்டால்.

இத்தனைக்கும் அவர் மதுரைக்கு வடக்கே கால் வைத்தவர் இல்லை. மெட்ராஸ் வண்டியைத் தினமும் அனுப்புவார். ஒரு நாளும் அதில் ஏறியதில்லை. ஏன் என்று கேட்டால், "நான் போயிட்டா ஒங்களயெல்லாம் யார்டே அனுப்புறது?" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்குத் தவறாமல் போவார். மூன்றாவது வரிசையில் ஓரத்து நாற்காலி. போதகர் பிரசங்கத்தை இழுத்துக்கொண்டே போனால், இவர் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தை ஒரு பார்வை பார்ப்பாராம். போதகருக்கு நாக்கு குழறி, சீக்கிரமே ஆமென் வந்துவிடுமாம். இதைச் சொன்னது அவர் மனைவி. சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். பஸ்ஸை விட்ட கோபம் எப்போதோ போயிருந்தது.

அந்த மனிதருக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. கிரிக்கெட். ஆடிப் பழக்கமில்லை. பார்த்ததும் இல்லை. வறண்ட கண்மாய்க்குள் பனைமட்டையை வைத்துப் பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். டிரான்சிஸ்டரில் வர்ணனை கேட்பார். பாதி நேரம் இங்கிலீஷ், பாதி நேரம் இந்தி. இரண்டும் அவருக்கு அத்தனை தூரம். எண்ணிக்கை மட்டும் புரியும். மற்றதையெல்லாம் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பார். கூட்டம் 'ஹோ' என்று எழும்போது, "நாலு" என்பார். சத்தம் எழும்பிப் பாதியில் அமுங்கினால், "பிடிக்கப் போயி விட்டுட்டான்" என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

ஒரு நாள் பரளச்சி வண்டிக்கும் வீரசோழன் வண்டிக்கும் நடுவில் என்னிடம் சொன்னார். "தம்பி, எனக்கு அந்த ஆட்டம்கூடப் பெருசில்ல. அந்த எரைச்சல் இருக்குல்ல, அதுக்குள்ள ஒரு நாளு போயி ஒக்காரணும். காதுக்குள்ள வச்சுக் கேட்டதெல்லாம் போதும். சுத்தி நாலு பக்கமும் வரணும்." முப்பது வருசமாக ரேடியோ கேட்ட மனிதர். அதைச் சொன்னபோது எங்கோ மைதானத்தில் கூட்டம் எழும்புகிற சத்தத்துக்குக் காது கொடுப்பவர்போலத் தலையைச் சாய்த்திருந்தார்.

எண்பதுகளின் பிற்பாதியில் ஒரு வருசம், பொங்கலையொட்டி மெட்ராஸில் டெஸ்ட் மேட்ச் வந்தது. எங்கள் பக்கம் டி.வி. இன்னும் சரியாக எட்டிப் பார்க்காத காலம். செய்தியைக் கொண்டு வந்தவர் வீரசோழன் ஜாபர் பாய். ஜவுளி மூட்டையோடு வாரத்துக்கு நாலு தடவை பஸ் நிலையத்துக்கு வருகிறவர். அவருடைய மச்சானுக்கு மெட்ராஸ் மண்ணடியில் கடை. அந்த மச்சான் மூலமாக கேலரி சீசன் டிக்கெட் ஒன்று கிடைக்கும் என்றார். ஒன்றே ஒன்று. சின்னப் புத்தகம்போல இருக்கும், ஐந்து தாள், நாளுக்கு ஒரு தாளாக வாசலில் கிழித்துக்கொள்வார்கள்.

"அண்ணாச்சி, நீங்க போங்க. ஒங்களுக்குத்தான் அந்தக் கிறுக்கு" என்றார் பாய்.

"அஞ்சு நாளு எனக்கு யாரு லீவு குடுப்பா? ஒங்களுக்குத்தான் அஞ்சு நாளு கடைய மூடிட்டுப் போக முடியுமா?" என்று கேட்டார் அண்ணாச்சி. கொஞ்ச நேரம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "தாளு அஞ்சு இருக்குல்ல. ஆளுக்கு ஒண்ணு."

இப்படி ஒரு யோசனை வேறு எந்த ஊர்க்காரனுக்கும் வந்திருக்காது. ஒரு டிக்கெட், ஐந்து பேர். மாலையில் மெட்ராஸ் வண்டியில் ஒருவர் ஏறுவார். மறுநாள் காலை ஆறு மணிக்கு இறங்குவார். முதல் நாள் ஆட்டம் பார்த்தவர், மண்ணடி மாடி அறையில் படுத்து எழுந்து, பஸ் நிலையத்தில் காத்திருந்து, டிக்கெட் புத்தகத்தை வந்தவர் கையில் கொடுத்துவிட்டு, எட்டு மணி வண்டியில் ஊர் திரும்புவார். மறுநாள் இன்னொருவர். இப்படி ஐந்து நாள். ஜாபர் பாய், பாத்திரக்கடை சண்முகம், கண்டக்டர் முத்துராசு, நான், அண்ணாச்சி. அதுதான் கூட்டணி.

மூன்று வாரம் திட்டம் போட்டார். அவருடைய முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சாயங்காலம் ஆறு மணி வண்டிக்கும் ஆறே முக்கால் வண்டிக்கும் இடையே நாங்கள் கூண்டைச் சுற்றி நிற்போம். பழைய டிரிப் ஷீட்டுகளின் பின்பக்கத்தில் கார்பன் தாள் வைத்து அட்டவணை எழுதினார். ஐந்து நகல். கடைசி நகல் எனக்கு வந்தது, கண்ணாடி போட்டாலும் தெரியாது. மச்சானுக்குக் கடிதம் போட்டு, காலையில் அந்த கேலரியில் வெயில் எந்தப் பக்கம் அடிக்கும் என்று விசாரித்தார். "பதினொண்ணரை வரைக்கும் மொகத்துல. பெறகு பின்னங்கழுத்துல. துண்டு ரெண்டு." எழுதிக்கொண்டோம். சாப்பாட்டு இடைவேளைக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே ஒன்றுக்குப் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் வரிசையில் நின்றே பொழுது போய்விடும். எழுதிக்கொண்டோம். டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைக்கக் கூடாது, உள்பனியனில் பை தைத்துக்கொள்ள வேண்டும். அதையும் எழுதிக்கொண்டு, தைக்கச் சொல்லி வீட்டில் வசவும் வாங்கினோம்.

வலது ஓரத்தில் ஒரு கட்டம். அதற்குத் தலைப்பு 'ஒருவேளை'. வண்டி பழுதானால், வயிற்றுக்குச் சேராவிட்டால், மச்சான் கடை பூட்டியிருந்தால், மழை வந்தால். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. ஒன்றுக்கு மட்டும் இல்லை.

நான்தான் கேட்டேன். "அண்ணாச்சி, ஆட்டம் நாலு நாள்ல முடிஞ்சிட்டா?"

"முடியாதுடே. அஞ்சு நாள்னு போட்டா அஞ்சு நாளு ஓடணும்" என்றார், பஸ்ஸைப் பற்றிச் சொல்வதுபோல.

எத்தனையோ மேட்ச் நான்கு நாளில் முடிந்ததை ரேடியோவில் கேட்ட மனிதர் அவர். எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று விட்டுவிட்டேன்.

யாருக்கு எந்த நாள் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டோம். அவரே எழுதி, அவரே மடித்து, டிபன் கேரியர் மூடியில் போட்டுக் குலுக்கினார். நாங்கள் கை நீட்டும் முன், "இரு, இரு" என்று சொல்லி, முதல் ஆளாக ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எங்களுக்கு ஒரே சிரிப்பு. சாப்பாட்டுப் பந்தியானாலும் சரி, சம்பள வரிசையானாலும் சரி, எப்போதும் கடைசியில் நிற்கிற ஆள்.

"பாத்தீகளா, அண்ணாச்சிக்கு ஆசை பொறுக்கல" என்று முத்துராசு கேலி செய்தான். அவரும் சிரித்துக்கொண்டார்.

பாத்திரக்கடை சண்முகத்துக்கு முதல் நாள், முத்துராசுக்கு இரண்டு, பாய்க்கு மூன்று, எனக்கு நான்கு. "அப்ப அஞ்சு எனக்கு" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்ததைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் திருச்சுழி வண்டிக்கு விசில் ஊதினார்.

ஆட்டம் தொடங்கியது. முதலில் போன சண்முகம் திரும்பி வந்து ஒரு மணி நேரம் பேசினார். அதில் முக்கால் மணி நேரம், மைதானத்துக்கு வெளியே சாம்பார் சாதம் போட்டுக்கொடுத்த தட்டு எவ்வளவு மட்டமான எவர்சில்வர் என்பதைப் பற்றி. முத்துராசு ஊர் வந்து சேர்ந்தது மூன்றாம் நாள் ராத்திரி, நான் கிளம்பிப் போன பிறகு. தொண்டை கட்டி வந்தானாம். கத்தியே குரல் போயிருந்தது. மூன்று நாளைக்கு டிக்கெட் கேட்பதற்கு ஜாடைதான். அண்ணாச்சி அவனிடம் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். "சத்தம் எப்பிடிடே இருந்துச்சு?" அவன் இரண்டு கையையும் விரித்து, நெஞ்சில் அடித்துக் காட்டினான். அண்ணாச்சிக்குக் கண் பளபளத்ததாம்.

மூன்றாம் நாள் மதியமே விவகாரம் தெரிந்துவிட்டது. விக்கெட்டுகள் மளமளவென்று சரிந்துகொண்டிருந்தன. கூண்டைச் சுற்றி நின்றவர்களெல்லாம் நம் பக்கம் ஜெயிக்கப் போகிறது என்று குதித்தார்கள். நான் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தேன். அன்று மாலை வண்டியில் நான் ஏற வேண்டும்.

"அண்ணாச்சி, நாளைக்கே முடிஞ்சிரும் போல இருக்கு. என் எடத்துல நீங்க போங்க. நான் இன்னொரு வருசம் பாத்துக்கிறேன்."

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மெட்ராஸ் வண்டியின் நேரத்தைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"அட்டவணையில நாலாம் நாளைக்கு யார் பேரு போட்டிருக்கு?"

"என் பேருதான். ஆனா..."

"ஏறு."

"அண்ணாச்சி, நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க."

"அஞ்சரை ஆச்சு. ஏறுங்கிறேன்ல."

விசில் ஊதிவிட்டார். கல்லில் நார் உரிக்கலாம், அவரிடம் ஒரு நிமிடம் வாங்க முடியாது.

காலை ஆறு மணிக்கு பாய் டிக்கெட்டோடு நின்றார். போனேன், உட்கார்ந்தேன். பதினொன்றரை வரைக்கும் வெயில் முகத்தில்தான் அடித்தது. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்ல? முத்துராசு நெஞ்சில் அடித்துக் காட்டியது சரிதான். அது காதுக்குள் வருகிற சத்தமே இல்லை. ஆனால் என்னால் அதில் சேர முடியவில்லை. அவ்வளவு பெரிய கூட்டத்தில், எதிரணிக்காரன் அவுட்டாகக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒவ்வொரு விக்கெட்டுக்கும் எல்லாரும் எழுந்து ஆட, நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "எந்த ஊரு நீ?" என்று கேட்டார். அருப்புக்கோட்டை என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைசி இரண்டு பேர் முக்கால் மணி நேரம் தாக்குப்பிடித்தார்கள். அந்த இரண்டு பேருக்காக நான் அம்மனுக்கும் வேண்டினேன், அண்ணாச்சியின் ஆண்டவருக்கும் வேண்டினேன். டீ இடைவேளைக்குச் சற்று முன்னால் முடிந்துவிட்டது.

மண்ணடி மாடியில் படுத்துப் புரண்டேன். மாலை வண்டி கிளம்பும் முன்பே அண்ணாச்சி ரேடியோவில் கேட்டிருப்பார். வர மாட்டார். வருவதற்கு என்ன இருக்கிறது? ஆனாலும் காலை ஆறு மணிக்குக் கைமாற்று என்று அட்டவணையில் இருந்தது. என் கால் தானாகப் பஸ் நிலையத்துக்குப் போய் நின்றது.

வண்டி வந்தது. கடைசி ஆளாக இறங்கினார். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, தோளில் இரண்டு துண்டு, கையில் துணிப்பை. இறங்கியதும் முதல் வேலையாகக் கடிகாரத்தைப் பார்த்தார். "எட்டு நிமிசம் லேட்டு. திண்டிவனத்துல டிரைவரு டீக்கடையில கதையளந்துட்டு நின்னான்" என்றார்.

"அண்ணாச்சி, ஆட்டம் நேத்தே..."

"தெரியும். ரேடியோ கேட்டேன்ல."

"தெரிஞ்சுமா வந்தீக?"

"நீ இங்கிட்டு வந்து நிப்பேல்ல. நிக்கச் சொல்லிட்டு வராம இருக்கதா?" என்றார். பிறகு உள்ளங்கையை நீட்டினார். "குடு."

பனியன் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். ஒரே ஒரு தாள் மிச்சம். அதில் அச்சடித்திருந்த தேதியை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஒனக்கு எட்டு மணி வண்டி. கெளம்பு."

"நான் ஒங்ககூட வாரேன்."

"அட்டவணையில அப்பிடி இல்லையே" என்று முறைத்தார். அவருடைய அட்டவணையை வாழ்க்கையில் ஒரே ஒரு முறை மீறினேன் என்றால் அது அன்றைக்குத்தான்.

மைதானத்து வாசலில் ஒரு காவல்காரர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி நேராகப் போய் டிக்கெட்டை நீட்டினார்.

"இன்னா பெரியவரே, மேட்சு நேத்தே முட்ஞ்சி போச்சே, தெரியாதா?"

"தெரியும் தம்பி. ஆனா இன்னிக்கித் தேதி இதுல போட்டிருக்கு பாருங்க. பாத்துட்டுக் கிழிங்க."

காவல்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் என்ன நினைத்தாரோ, பீடியை எறிந்துவிட்டு, டிக்கெட்டை வாங்கி, ஓரத்தை ஒழுங்காகக் கிழித்துக்கொண்டு அடித்தாளைத் திருப்பிக் கொடுத்தார். "போ. வெயிலாண்ட ரொம்ப நேரம் குந்தாத" என்றார். மெட்ராஸ்காரர்களைப் பற்றி எங்கள் ஊரில் பலதும் சொல்வார்கள். அந்த ஒரு மனிதருக்காக நான் அதையெல்லாம் நம்புவதை விட்டுவிட்டேன்.

கேலரியில் ஏறினோம். காகிதமும் கடலைத் தோலும் படிக்குப் படி கிடந்தன. என் இடத்தைக் காட்டினேன். துண்டை விரித்து உட்கார்ந்தார். மைதானத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் பார்த்தார். கீழே நாலைந்து ஆட்கள் ரப்பர் குழாயில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். வானம் பார்த்த பூமியிலிருந்து போன எனக்கு, புல்லுக்கு இத்தனை தண்ணீரா என்றிருந்தது.

"ரேடியோவுல இதவிடப் பெருசா இருந்துச்சு" என்றார் கடைசியில்.

பிறகு, "சொல்லு" என்றார்.

"என்ன சொல்ல?"

"மொத ஓவர்ல இருந்து சொல்லு. யாரு எங்கிட்டு நின்னா, பந்து எங்கிட்டுப் போச்சு. அவசரமில்ல, நாலரை வரைக்கும் டயம் இருக்கு."

சொன்னேன். எழுந்து நின்று கையை நீட்டி நீட்டிச் சொன்னேன். இங்கே அடித்தான், அங்கே ஓடினான், அந்த வேலியோரம் விழுந்து பிடித்தான் என்று. அவர் கண் என் விரலின் பின்னாலேயே போயிற்று. நடுவில் நிறுத்தி, "அப்ப மணி என்ன?" என்று கேட்பார். பதினொன்றரைக்கு வெயில் முகத்திலிருந்து நகர்ந்தபோது, "பாத்தியா, சொன்ன மாதிரி வந்துருச்சு" என்று என் தொடையில் தட்டினார். சாப்பாட்டு இடைவேளைக்கு ஐந்து நிமிடம் முன்னால் எழுந்து ஒன்றுக்குப் போய்விட்டு வந்தார். அந்த அத்துவானத்தில் வரிசையில் நிற்க ஒரு காக்கைகூட இல்லை.

திரும்பி வந்து துணிப்பையைத் திறந்தார். புளிச்சாதம். இரண்டு பொட்டலம்.

நான் அவரைப் பார்த்தேன். காலையில் எட்டு மணி வண்டிக்கு என்னை விரட்டிய மனிதர்.

"ஒருவேளைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார், பொட்டலத்தைப் பிரித்தபடி.

சாப்பாட்டுக்குப் பிறகு கடைசி விக்கெட் வரைக்கும் சொல்லி முடித்தேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். "அந்தக் கடைசி விக்கெட்டு விழுந்தப்ப, சத்தம்?"

வாயைத் திறந்தேன். எனக்கு வரவில்லை. அந்தச் சத்தத்தை ஒற்றை ஆள் எப்படிப் போட்டுக் காட்டுவது? எனக்கு அழுகைதான் வந்தது. நான் கண்ணைத் துடைத்ததை அவர் பார்க்காததுபோல இருந்தார். நாலரை ஆனது. எழுந்து துண்டை உதறி மடித்தார். சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்தார். அதை அவர் கொண்டு வந்திருப்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். பலமாக ஒரு தடவை ஊதினார். சத்தம் எதிர்ப்பக்க கேலரியில் மோதித் திரும்பி வந்தது. நாலு பக்கமும் காக்கைகள் எழும்பின. தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அதில் ஒருவர் கையை உயர்த்தினார். அண்ணாச்சியும் உயர்த்தினார்.

"சரி, போவம். அஞ்சரை வண்டி இருக்கு" என்றார்.

ஊரில் அவரை விடுவார்களா? வாரக்கணக்கில் கேலிதான். "ஆட்டம் எப்படி அண்ணாச்சி?" என்று போகிற வருகிறவர்களெல்லாம் கேட்டார்கள். "கூட்டமே இல்லடே. காலை நீட்டி ஒக்காந்து பாத்தேன்" என்று பதில் சொல்லுவார். பிறகு எங்கள் ஊருக்கும் டி.வி. வந்தது. பஸ் நிலையத்து டீக்கடையில் ஒன்று வைத்தார்கள். எல்லாரும் அதன் முன் நிற்க, அவர் மட்டும் கூண்டுக்குள் டிரான்சிஸ்டரோடு இருந்தார். மெட்ராஸில் இன்னும் சில ஆட்டங்கள் நடந்தன. போகவில்லை. "நாந்தான் பாத்துட்டேனே" என்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓய்வு பெற்றார். கடைசி நாள் சாயங்காலம், கூண்டைக் காலி செய்ய நான் கூட இருந்தேன். மேசை இழுப்பறையில் பழைய விசில், மருந்துச் சீட்டுகள், சின்ன வேதப்புத்தகம். அடியில் அந்த டிக்கெட்டின் அடித்தாள், அதனோடு குண்டூசி குத்தி ஒரு மடித்த சீட்டு. பார்த்ததும் எனக்கு நினைவு வந்தது. அன்றைக்கு நாங்கள் எடுத்த சீட்டுகள் எல்லாம் நாலாக மடித்திருந்தன. இது முக்கோணமாக மடித்திருந்தது.

குண்டூசியை எடுத்துவிட்டுப் பிரித்தேன். உள்ளே ஐந்து என்று எழுதியிருக்கவில்லை. ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. வெறும் தாள். ஐந்தாம் நாளை அவர் குலுக்கலிலேயே போடவில்லை.

நாங்கள் சிரித்தது காதில் கேட்டது. ஆசை பொறுக்கவில்லை என்று சொல்லிச் சிரித்தோமே.

"அண்ணாச்சி, இது என்ன?"

அவர் எட்டிப் பார்த்தார். ஒரு கணம் முகம் பிள்ளை முகம்போல ஆகிவிட்டது.

"பேனாவுல மை தீந்துபோச்சுடே" என்றார்.

"முப்பது வருசம் ஆசப்பட்டது நீங்க. நாங்க என்னத்தக் கண்டோம்? சண்முகம் தட்டப் பாத்துட்டு வந்தாரு. நீங்க மொத நாள எடுத்துருக்கலாம்ல?"

"எடுத்துருக்கலாம்" என்றார். பதிவேட்டின் மூலையை விரலால் நீவிவிட்டார். "நீங்க நாலு பேரும் போயி ஒழுங்கா வந்து சேர்ந்தத அப்புறம் யாரு பாக்குறது?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் மணிக்கட்டைத் திருப்பிவிட்டார்.

"ஒனக்குத் திருச்சுழியில இன்னிக்கி யாரோ வீட்டுக் கல்யாண வரவேற்புன்னு சொன்னேல்ல? ஆறு மணி வண்டி நிக்கிது. அத விட்டா ஆறே முக்கா. ஏறு."

"கடைசி நாளு அண்ணாச்சி. ஒங்கள வீட்டுல விட்டுட்டு..."

"ஏறுங்கிறேன்ல."

ஏறினேன். சன்னலோரம் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டினேன். அவர் கூண்டைவிட்டு வெளியே வந்து, வண்டியின் பக்கத்தில் நின்று, கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஆறு ஆகியிருந்தது. என் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். விசில் அவர் வாயில்தான் இருந்தது. ஊதவில்லை. டிரைவர் திரும்பிப் பார்த்தார். கண்டக்டர் படியில் நின்று, "அண்ணாச்சி, டயம் ஆச்சே?" என்று கேட்டான்.

ஒரு நிமிடம் முழுதாகப் போன பிறகு ஊதினார்.